கிராம்பு: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் வலியில் ஆரம்பித்து பணப்பை வரைக்கும், கிராம்பைப் பற்றி அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, மூலிகைகளைப் பற்றிப் படிக்கும் கிறுக்கு உள்ளவன், அவ்வளவுதான்.

கிராம்பு, இலவங்கம், லவங்கப்பட்டை... மூணும் ஒண்ணா வேறயா?

கிராம்பும் இலவங்கமும் ஒன்று. லவங்கம் வடமொழிப் பெயர், இலங்கைத் தமிழில் கராம்பு. லவங்கப்பட்டை மட்டும் வேறு ஒரு மரத்தின் பட்டை. அதற்குக் கருவாப்பட்டை என்று குழப்பமே இல்லாத பெயர் ஒன்று இருக்கிறது, ஆனால் அதைச் சொல்பவர்கள் குறைவு. பழைய மருந்துக் குறிப்பில் 'இலவங்கம்' என்று மட்டும் இருந்தால் கிராம்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள், 'பட்டை' ஒட்டியிருந்தால் மற்றது.

அது காயா, விதையா, இல்ல குச்சியா?

மொட்டு. விரியாத பூமொட்டு. நாவல் மரமும் கிராம்பு மரமும் ஒரே பேரினம், கொய்யாவும் யூகலிப்டஸும் அதே குடும்பத்துத் தூரத்துச் சொந்தங்கள். பச்சையாக இருக்கும் மொட்டு லேசாகச் சிவக்கத் தொடங்கும்போது, விரிவதற்குள் கையால் பறித்து வெயிலில் நாலைந்து நாள் காயவைப்பார்கள். காய்ந்ததும் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். பூத்துவிட்டால் மதிப்பு போச்சு.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு கிராம்பை வெந்நீரில் அரை மணிநேரம் ஊறப்போட்டுப் பிரித்துப் பாருங்கள். நாலு முள் மாதிரி நிற்பவை புல்லி இதழ்கள். நடுவில் இருக்கும் உருண்டை, ஒன்றின்மேல் ஒன்று மடிந்த இதழ்கள். நகத்தால் நெம்பினால் தொப்பி போலக் கழன்று வரும், உள்ளே மகரந்தத் தாள்கள் நூல் நூலாகச் சுருண்டு கிடக்கும். எத்தனையோ வருடம் கையில் எடுத்த பொருள்தான், முதல்முறை பிரித்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நல்ல கிராம்புன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தண்டை நகத்தால் அழுத்துங்கள். நகம் பதிந்த இடத்தில் எண்ணெய் கசிந்து பளபளக்க வேண்டும். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்லது மூழ்கும், அல்லது தலை மேலாக நெட்டுக்குத்தாக நிற்கும். எண்ணெய் எடுத்துவிட்டு விற்கும் சக்கைக் கிராம்பு படுத்தபடி மிதக்கும். எண்ணெய்ச் சுரப்பிகள் தண்டில்தான் நிறைய, கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது, அதனால்தான் இந்தச் சோதனை வேலை செய்கிறது. பொடியாக வாங்கினால் இது எதையும் சோதிக்க முடியாது, ஆகவே முழுசாக வாங்குவதே நல்லது.

பல் வலிக்குக் கிராம்பு உண்மையிலேயே கேட்குமா, இல்ல மனசுக்குத்தானா?

கேட்கும். எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால் என்ற ஒரே பொருள்தான், பெரும்பாலும் 70 முதல் 90 சதவீதம் வரை. அது நரம்பு வலியைக் கடத்தும் வழிகளை அடைக்கிறது. ஒரு கிராம்பைக் கடித்துப் பார்த்தால் வரிசையாகத் தெரியும்: முதலில் சுருக்கென்று ஒரு காரம் (மிளகாய்க் காரத்தை உணரும் அதே ஏற்பியைத்தான் இதுவும் தட்டுகிறது), பிறகு ஒரு கதகதப்பு, அதற்கப்புறம் நாக்கின் அந்தப் பக்கம் மட்டும் தடித்துப்போன மாதிரி மரத்துவிடும்.

2006ல் வெளிவந்த ஓர் ஆய்வில் கிராம்புக் களிம்பை, ஈறு மரக்கப் பூசும் பென்சோகெயின் மருந்தோடு ஒப்பிட்டார்கள். ஊசி குத்தும் வலியைக் குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வேலை செய்தன. வலியைக் குறைக்கும் சரி, சொத்தையைக் குறைக்காது. அந்தச் சங்கதிக்குக் கடைசிக் கேள்வியில் வருகிறேன்.

எண்ணெயை அப்படியே பஞ்சுல தொட்டு பல்லுல வைக்கலாமா?

வைக்காதீர்கள். நான் வைத்தேன். ஒரு ராத்திரி கடைவாய்ப் பல் வலி தாங்காமல், நீர்க்காத எண்ணெயில் பஞ்சைத் தோய்த்து ஈறோடு சேர்த்து அடைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் பல் வலி இருந்த இடத்திலேயே இருந்தது, கூடவே ஈறும் கன்னத்தின் உள்பக்கமும் வெள்ளையாக வெந்துபோய்த் தோல் உரிந்தது. மூன்று நாள் காரமாக எதையும் வாயில் வைக்க முடியவில்லை. தப்பு எண்ணெய் மேல் இல்லை, என் மேல்தான். யூஜினால் குறைந்த அளவில் வீக்கத்தைத் தணிக்கும், அடர்த்தியாகப் பட்டால் திசுவையே எரித்துவிடும்.

முழுக் கிராம்பு ஒன்றை வலிக்கிற பல் பக்கம் ஒதுக்கி லேசாக நசுக்கினால் போதும், பத்து இருபது நிமிடத்தில் துப்பிவிடலாம். எண்ணெய்தான் வேண்டும் என்றால், ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெயில் இரண்டு மூன்று துளி, அதைப் பல்லில் மட்டும் தொட்டு வைக்க வேண்டும், ஈறில் படாமல்.

முழுக் கிராம்புல இருக்குறதும் அதே எண்ணெய்தானே? அப்புறம் ஏன் இவ்வளவு பயம்?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் கிராம்பு விஷயத்தில் மற்ற எல்லாமே இதற்குள் அடங்கிவிடும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம்பு ஏறக்குறைய 100 மில்லிகிராம் எடை. அதில் எண்ணெய் 15 முதல் 20 சதவீதம், அதாவது 17 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மில்லி எண்ணெய்க்கு 60 கிராம்பு ஆகிறது, ஒரு தேக்கரண்டிக்கு 300. யாராவது 300 கிராம்பை ஒரே வாயில் மெல்வார்களா? ஆனால் ஒரு தேக்கரண்டி எண்ணெயைக் குடித்துவிடலாம், ஒரு நொடி போதும்.

நம் பாட்டிமார் எழுதாமல் சொல்லிவைத்த வைத்தியம் எல்லாமே ஒன்று, இரண்டு, மிஞ்சிப்போனால் நாலு கிராம்புக் கணக்கில் இருக்கும். யூஜினாலுக்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு வைத்த தினசரி உச்ச அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 150 மில்லிகிராம், கிராம்புக் கணக்கில் சுமார் பத்து. பாட்டியின் கைக்கணக்கு அந்த வரம்புக்குள் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. புட்டியில் அடைத்த எண்ணெய்க்கு அந்தக் கைக்கணக்கு செல்லாது.

குழந்தைக்குப் பல் முளைக்குது, ஒரு துளி தடவலாமா?

வேண்டாம். கிராம்பு எண்ணெயை 5 முதல் 10 மில்லி வரை குடித்துவிட்ட சிறு குழந்தைகள் வலிப்பு வந்து, நினைவிழந்து, கல்லீரல் செயலிழக்கும் நிலைக்குப் போனதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. தடவுவது வேறு குடிப்பது வேறு என்பது சரிதான், ஆனால் தடவுவதற்காக வாங்கிய புட்டி குழந்தை கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கும். எப்போதாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

இருமலுக்கு ராத்திரி வாயில அடக்கிக்கிட்டா நிக்குதே, அது எப்படி?

இரண்டு வேலை நடக்கிறது. எச்சில் ஊறி வறண்ட தொண்டையை நனைக்கிறது, யூஜினால் தொண்டையை லேசாக மரக்கச் செய்து அரிப்பைத் தணிக்கிறது. ஆயுர்வேதத்தில் இதற்கென்றே லவங்காதி வடி என்று ஒரு மாத்திரை உண்டு: கிராம்பு, மிளகு, தான்றிக்காய், காசுக்கட்டி, இவற்றைக் கருவேலம்பட்டைக் கஷாயத்தில் அரைத்து உருட்டுவது. விழுங்காமல் வாயில் அடக்கி வைப்பதற்கான மாத்திரை அது. கிராம்பை நெருப்பில் சுட்டு அடக்குவதும் இதே யோசனைதான், சுட்டால் காரம் கொஞ்சம் அடங்கும்.

ஒன்று மட்டும்: வாயில் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள், புரை ஏறும். இரண்டு வாரம் தாண்டிய இருமலைக் கிராம்பிடம் விடாதீர்கள், அதற்குச் சளிப் பரிசோதனைதான்.

விக்கல், வாந்தி, வயிறு உப்புசம்?

மூன்றுக்கும் பல நாட்டு மருத்துவங்களில் சொல்லியிருக்கிறது. சீன மருத்துவத்தில் கிராம்பு முக்கியமாக விக்கலுக்குத்தான். கீழே போகவேண்டிய காற்று மேலே ஏறினால் அதைக் கீழே இறக்கும் என்பது அவர்கள் கணக்கு. கிராம்போடு சீமைப் பனிச்சைப் பழத்தின் காம்பு இதழ், இஞ்சி, ஜின்செங் சேர்த்துக் கஷாயம் வைப்பார்கள். சாப்பிட்டபின் வரும் உப்புசத்துக்கு இரண்டு கிராம்பு தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த நீர் ஒரு டம்ளர் எனக்குக் கேட்கிறது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அதே நீர் எரிச்சலைக் கூட்டலாம்.

கிராம்பு சூடா, குளிர்ச்சியா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஆளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம், மருத்துவங்களே ஆளுக்கு ஒன்று சொல்வதுதான். சித்த மருத்துவத்தில் வெப்பம். யுனானியில் வெப்பமும் வறட்சியும். சீனத்தில் வெப்பம். ஆயுர்வேதத்தில் மட்டும், நாக்குக்குக் காரமும் கசப்பும் என்றாலும், உடலுக்குள் செய்யும் வேலையில் குளிர்ச்சி என்று வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு நல்லது, தாகம் தணிக்கும் என்று பட்டியல் போகும். இதில் யார் சரி என்று தீர்ப்பு சொல்ல என்னால் முடியாது, சொல்பவர்களையும் நம்பாதீர்கள். ஒவ்வொன்றும் தன் கணக்குக்குள் ஒழுங்காக இருக்கிறது. ஒன்றில் இருந்து பாதி, இன்னொன்றில் இருந்து பாதி எடுத்துக் கலப்பதால்தான் குழப்பம்.

மஞ்சளோட கிராம்பு சேரவே கூடாதுன்னு ஒரு வீடியோல பார்த்தேன், நிஜமா?

இதற்கு ஒரு மூலம் இருக்கிறது. ஒன்றுக்கொன்று ஆகாத மருந்துச் சரக்குகள் என்று சீன மருத்துவத்தில் ஒரு பழைய பட்டியல், 'பத்தொன்பது அச்சங்கள்' என்று பெயர். அதில் கிராம்பும், மஞ்சள் இனத்துக் கிழங்கு ஒன்றும் ஜோடியாக வரும். அந்த ஒற்றை வரிதான் கைமாறிக் கைமாறி 'சேர்த்தால் விஷம்' ஆகிவிட்டது. மசாலாப் பொடியில் இரண்டும் பல நூறு வருடமாக ஒன்றாகத்தான் கிடக்கின்றன, யாரும் சாகவில்லை.

தினமும் வெறும் வயித்துல கிராம்புத் தண்ணி குடிச்சா சர்க்கரை, கொழுப்பு, முடி எல்லாத்துக்கும் நல்லதாமே?

ஒரே பொருள் இத்தனையையும் சரிசெய்யும் என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகப்படுங்கள். சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று காட்டும் சிறிய ஆய்வுகள் உண்டு, மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு எதுவும் இல்லை. முடிக்குச் சான்று எதையும் நான் பார்க்கவில்லை. இரண்டு கிராம்பு போட்ட நீர் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதலும் செய்யாது.

ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், ஆஸ்பிரின் மாதிரி மருந்து எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். யூஜினால் ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கக்கூடியது. சமையலில் சேர்ப்பதற்குப் பயமில்லை, மருந்தாக அளவு கூட்டி எடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். அறுவை சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் இதே பதில்தான்: சமையலில் சரி, எண்ணெயும் அதிக அளவும் வேண்டாம்.

கிராம்பு சாமி காரியத்துக்குள்ள எப்படி வந்துச்சு?

என் யூகம், வாய் வழியாக வந்தது. சீனாவில் ஹான் பேரரசர் முன் பேச வரும் அதிகாரிகள் வாயில் கிராம்பு அடக்கிக்கொள்ள வேண்டும், மூச்சு நாறக்கூடாது. அப்போது அதற்குக் கோழிநாக்கு வாசனை என்று பெயர். பெரியவர் முன்னால் போகும்போது மூச்சைச் சுத்தம் செய்துகொள்வது என்ற இந்த எண்ணம் அரசனிடம் செல்லும் என்றால் தெய்வத்திடம் செல்லாதா? தமிழில் பஞ்சவாசம் என்று சொல்லும் ஐந்து வாசனைப் பொருள்கள் தாம்பூலத்தோடு சேர்பவை: இலவங்கம், ஏலம், கற்பூரம், சாதிக்காய், தக்கோலம். கோயில் தீர்த்தத்திலும் இவற்றில் சில சேரும். ஜப்பானியப் பௌத்தத்தில் வழிபாட்டுக்கு முன் உள்ளங்கையில் தேய்த்துக்கொள்ளும் பொடி ஒன்று உண்டு, அதில் சந்தனத்தோடு கிராம்பும் சேரும்.

திபெத்தியர் இதை இன்னும் ஒரு படி உள்ளே கொண்டுபோனார்கள். அவர்கள் மருத்துவத்தில் 'ஆறு நல்லவை' என்று ஆறு சரக்குகள், ஒவ்வொன்றும் ஓர் உறுப்புக்கு. சாதிக்காய் இதயத்துக்கு, குங்குமப்பூ கல்லீரலுக்கு, கிராம்பு உயிர்நாடிக்கு. மனக்கலக்கம், தூக்கமின்மை மாதிரியான காற்றுக் கோளாறுகளுக்கான மருந்துகளில் அதைச் சேர்ப்பார்கள். மருந்து எங்கே முடிகிறது, ஆன்மீகம் எங்கே தொடங்குகிறது என்று அங்கே கோடு போடுவது கஷ்டம்.

ஆதி காலத்துல இருந்தே நம்ம பூசையில இருக்கா?

'ஆதி' என்றால் எது என்பதைப் பொறுத்தது. கிராம்பு மரம் இயற்கையாக வளர்ந்த இடம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள், டெர்னாட்டே, டிடோரே போன்ற சில எரிமலைத் தீவுகள் மட்டும். அங்கிருந்து கப்பலில் வந்த பொருள் என்பது நம் ஆட்களுக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. காளிதாசன் ரகுவம்சத்தில், வேறு தீவுகளிலிருந்து இலவங்கப் பூக்களைக் கொண்டுவரும் கடற்காற்றைப் பாடுகிறான். மன்னார்ப் பக்கம் மாந்தையில் அகழ்ந்தபோது கி.பி. 900 முதல் 1100 வரையிலான காலத்துக் கிராம்பு ஒன்றே ஒன்று கிடைத்தது. ஒரு சிறு மொட்டு, ஆயிரம் வருடம் மண்ணுக்குள் இருந்து வந்திருக்கிறது.

கற்பூரத்தோட கிராம்பு வச்சு எரிச்சா கண்திருஷ்டி, கெட்ட சக்தி எல்லாம் போயிடுமா?

நம்பிக்கையை நான் அளக்க முடியாது. எங்கிருந்து வந்திருக்கும் என்று மட்டும் சொல்கிறேன். கிராம்பு பார்க்க ஆணி. ஆங்கிலப் பெயரின் வேரான லத்தீன் சொல்லுக்கும், சீனப் பெயரின் முதல் எழுத்துக்கும் ஆணி என்றே பொருள், பாரசீகப் பெயருக்குச் சிற்றாணி. ஆணி அடித்து நிறுத்துவது என்ற எண்ணம் தானாக ஒட்டிக்கொள்ளும். மேலை நாட்டு நாட்டார் மந்திரத்தில் கிராம்பை எரிப்பது புறம் பேசும் வாயை அடைக்கத்தான். ஐரோப்பாவில் கொள்ளை நோய்க் காலத்தில் கெட்ட காற்றுதான் நோய் என்று நம்பி, கிராம்பு போன்ற வாசனைப் பொருள்களை மூக்கருகே பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கெட்ட வாடையை நல்ல வாடை விரட்டும், இதுதான் எல்லா ஊரிலும் அடிப்படை.

எரிப்பதானால் ஒன்றிரண்டு போதும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் அறையில் வேண்டாம். பூனை வளர்ப்பவர்கள் கிராம்பு எண்ணெயைக் காற்றில் பரப்பும் கருவியை மறந்துவிடுங்கள், பூனையின் கல்லீரலால் இந்த வகைப் பொருள்களைச் சரியாகச் சிதைக்க முடியாது. அப்புறம் தீர்த்தத்தில் போடுவது பச்சைக் கற்பூரம், எரிப்பது சூடம். மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

பர்சுல அஞ்சு கிராம்பு வச்சா பணம் சேருமா?

1522ல் சேர்ந்தது. மகெல்லன் புறப்பட்ட ஐந்து கப்பல்களில் உலகைச் சுற்றி ஸ்பெயினுக்குத் திரும்பியது விக்டோரியா ஒன்றுதான், அதில் மிஞ்சியவர்கள் 18 பேர். ஆனால் சரக்கறையில் இருந்த 26 டன் அளவுக் கிராம்பு மொத்தப் பயணச் செலவையும் ஈடுகட்டிவிட்டது. உங்கள் பர்சில் ஐந்து வைத்தால் பர்ஸ் மணக்கும். எண்ணெய்க் கறை படியும், தாளில் சுற்றி வையுங்கள்.

எலுமிச்சம்பழத்துல கிராம்பு குத்தி வச்சா கொசு வராதுங்கிறாங்களே?

அறை முழுக்க விரட்டும் அளவுக்கு வாசம் அதிலிருந்து வராது. நீர்க்காத எண்ணெயைத் தோலில் பூசினால் சில மணிநேரம் கொசு அண்டாது, ஆனால் தோல் எரியும். என் ஈறு கதையை மேலே படித்தீர்களே, அதேதான். வலை கட்டுங்கள்.

கிராம்பு சிகரெட் தொண்டைக்கு இதமாம், இருமலுக்கு நல்லதுதானே?

இந்தோனேசியாவின் க்ரெடெக் இப்படித்தான் தொடங்கியது என்று அங்கே கதை உண்டு. 1880களில் ஜாவாவின் குடுஸ் ஊரில் ஒருவர் நெஞ்சு வலிக்குக் கிராம்பு எண்ணெய் தடவிப் பார்த்து, பிறகு புகையிலையோடு கிராம்பைச் சேர்த்து இழுத்தாராம். எரியும்போது படபடவென்று வெடிக்கும் சத்தம்தான் அந்தப் பெயர். தொண்டை இதமாக இருப்பது நிஜம், ஏனென்றால் அது மரத்துப்போகிறது. மரத்த தொண்டையோடு புகையை இன்னும் ஆழமாக இழுப்பீர்கள், புகையிலை தன் வேலையைச் செய்யும். அமெரிக்காவில் 2009ல் இதைத் தடை செய்தார்கள்.

கிராம்பு வச்சேன், பல் வலி நாலே நாள்ல போயிடுச்சு. இனி டாக்டர் வேண்டாம்தானே?

இதைக் கேட்டால்தான் எனக்குப் பகீரென்கிறது. நாலு நாள் விண்விண்ணென்று தெறித்த பல் திடீரென்று அமைதியானால், பல்லுக்குள் இருக்கும் நரம்புச் சதை செத்துப்போயிருக்கலாம். வலியைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். சீழ் வேர் நுனியில் சத்தமில்லாமல் சேரும், சில வாரமோ மாதமோ கழித்து முகம் வீங்கும். கிராம்பு உங்களுக்கு வாங்கித் தருவது ஓரிரு ராத்திரித் தூக்கம், அதற்குள் பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

போனதும் கிராம்பு எண்ணெய் வைத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். பல் நிறத்தில் வைக்கும் பிசின் அடைப்பு சரியாக இறுகுவதை யூஜினால் கெடுக்கும், அது தெரிந்தால் அவர் வேறு வகை அடைப்பு வைப்பார். திட்டுவாரோ என்று கூச்சப்பட வேண்டாம். தற்காலிகமாக அடைக்க அவர் கண்ணாடித் தட்டில் குழைக்கும் வெள்ளைப் பசை பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடும் யூஜினாலும்தான், பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் அடிக்கும் அந்த வாடையில் பாதி கிராம்பு.